இரண்டாம் கையொப்பம்

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் இப்போது பத்து ஐம்பத்திரண்டு. இயக்குநர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நான்கு இரும்பு நாற்காலிகளில் மூன்றாவதில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் நீலக் கோப்பு, கோப்புக்குள் ஒரு விண்ணப்பம், விண்ணப்பத்தில் நான்கு காரணங்கள். வாய்மொழிப் பாடல் ஆவணக் காப்பகத்தின் முதுநிலை ஆய்வாளராகிய ரஞ்சிதம் என்னும் எனக்கு, ஓய்வுக்கு எஞ்சியுள்ள இரண்டு ஆண்டுகளும் வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி தர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பக்கந்தான். அந்த ஒரு பக்கத்தை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. முதற்படியில் 'தயைகூர்ந்து' என்று தொடங்கியிருந்தேன்; இரண்டாம் படியில் அதை அடித்தேன்; மூன்றாம் படியில் மீண்டும் சேர்த்தேன்; இப்போது மடியில் இருப்பது ஏழாம் படி, அதில் அந்தச் சொல் இல்லை, இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. குளிரூட்டியிலிருந்து ஒழுகும் நீர், செயலர் சுகுணாவின் மேசைக்குப் பின்னால் வைத்திருக்கும் வாளியில் சொட்டுகிறது. சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணாமலிருக்க முயல்கிறேன், முடியவில்லை, நான்கு. நான்கு நொடி மிக நீண்ட காலம். அதை இந்தக் கட்டடத்தில் உள்ள எவரையும்விட நான் நன்கறிவேன். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். முழங்காலைப் பற்றி நினைக்கலாம், முதற்காரணம் முழங்கால்தான், இரும்பின் குளிர் புடவையைத் தாண்டித் தொடைக்கு வந்து அங்கிருந்து மூட்டுக்குள் இறங்குகிறது, ஆகவே முதற்காரணம் பொய்யன்று. "டெல்லியில இருந்து கால் மேடம், பேசிட்டிருக்காரு. அஞ்சே நிமிஷம்," என்கிறாள் சுகுணா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். இதை அவள் சொல்வது மூன்றாம் முறை. முதல்முறை 'அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுவாரு' என்றாள், இரண்டாம் முறை 'ஒரு அஞ்சு நிமிஷம்' என்றாள், இப்போது 'அஞ்சே நிமிஷம்'. ஐந்து மட்டும் மாறவில்லை. மாறாமல் நிற்பது எது, மாறுவது எது என்று பிரித்துப் பார்ப்பது முப்பத்தோராண்டுப் பழக்கம். உட்கார்ந்த இடத்தில் கைவிடக்கூடியதன்று.

ஒரே கதையின் வேறு வேறு வடிவங்களை எங்கள் துறையில் பாடங்கள் என்போம்; இந்த விண்ணப்பத்துக்கே மூன்று பாடங்கள் உண்டு. ஈரோட்டில் இருக்கும் அண்ணியிடம் தொலைபேசியில் சொன்னது முதற்பாடம்: மூட்டு வலிக்கிறது, படியேற முடியவில்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்கப் போகிறேன். "அதுக்கு எதுக்கு ரஞ்சி கேக்கறே, பேசாம வேலைய விட்டுப்போட்டு இங்கெ வந்துரு, ஒத்தையில அந்த ஊர்ல என்னத்தப் பண்ணிட்டுக் கெடக்கறே?" என்றார் அண்ணி. அன்பாகத்தான் கேட்டார், ஆயினும் அந்தக் கேள்வி இரண்டு நாள் காதில் கிடந்தது. மருத்துவரிடம் சொன்னது இரண்டாம் பாடம்: நங்கநல்லூரிலிருந்து போகவர இரண்டரை மணி நேரப் பயணம், நின்றுகொண்டே வருகிறேன், மூட்டு வீங்குகிறது, அவர் சான்று எழுதித் தந்தார். சுகுணாவிடம் சொன்னது மூன்றாம் பாடம்: இங்கே சத்தம் அதிகம், வீட்டில் அமைதியாகக் கேட்டுப் படியெடுக்கலாம், மூட்டுக்கும் ஓய்வு. மூன்றிலும் மூட்டு இருக்கிறது. ஒரு கதையைப் பல வாய்களிலிருந்து திரட்டி வைத்துப் பார்க்கும்போது எல்லாப் பாடங்களிலும் தவறாமல் வருவதைத்தான் கதையின் உயிர் என்று நாங்கள் குறிப்போம். ஆனால் எல்லாப் பாடங்களிலும் தவறாமல் விடுபட்டுப் போவதையும் குறித்து வைக்க வேண்டும் என்பது என் வழக்கம், ஏனென்றால் சொல்பவர்கள் ஒருங்கே தாண்டிப் போகும் இடத்தில்தான் அவர்களுக்கு அச்சம் இருக்கிறது. என் மூன்று பாடங்களிலும் அந்த அறை இல்லை. ஒப்புநோக்கு அறை. நான் போக விரும்பாத அறை. இந்த நடைபாதையின் கோடியில், கழிவறைக்கு இந்தப்பக்கம், கதவில் பெயர்ப்பலகை ஆணி ஒன்றில் மட்டும் தொங்கும் அறை. இங்கிருந்து பார்த்தால் அதன் கதவு பாதி திறந்திருக்கிறது. யாரோ உள்ளே நடமாடுகிறார்கள். துப்புரவுப் பணியாளராக இருக்கும். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை, அந்த அறையைத் துடைப்பது திங்களன்று.

வீட்டிலிருந்து பணிபுரிவது என்றால் என்ன என்பதை எனக்கு நானே ஒளிவின்றி எண்ணிப் பார்த்திருக்கிறேன். காலையில் பால் உறை கதவுப் பிடியில் தொங்கும், போட்டவரைப் பார்த்ததில்லை. குக்கர் மூன்று முறை கூவும். இப்போதாவது பேருந்து ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு நாளில் நான் உச்சரிக்கும் முதற்சொல் நடத்துநரிடம் சொல்லும் நிறுத்தத்தின் பெயராக இருந்தது; ஏழு மணி நேரம் உறங்கி, இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்று, அதற்குப்பின் அந்த ஒரு பெயர், தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொல்ல வேண்டியிருக்கும். இப்போது அந்த நடத்துநருக்கு என்னைத் தெரியும். கேட்காமலே சீட்டைக் கிழித்துத் தருகிறார். நல்ல மனிதர், தம்மையறியாமல் என் நாளின் முதற்சொல்லைப் பறித்துக்கொண்டார். ஆகவே சில நாட்களில் என் முதற்சொல் பத்து மணிக்கு மேல், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என்றைக்கோ இறந்துபோன ஒரு பெண்ணின் வரியை நான் திருப்பிச் சொல்லும்போதுதான் வருகிறது. அதை வீட்டிலும் சொல்லலாம். யாருக்கும் தொந்தரவில்லை, யாரும் கதவிடுக்கில் நின்று கேட்கப்போவதில்லை. ஆம், அதுதான், அந்தக் கதவிடுக்கு. ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை, நான் ஒரு வரியை உரக்கச் சொல்லிவிட்டு எதிர்நாற்காலியைப் பார்த்து, "சரிதானே சார்?" என்றேன். எதிரில் நாற்காலி மட்டும் இருந்தது. கதவருகே சுகுணாவும் மின்னாக்கப் பிரிவின் ஹேமலதாவும் தேநீர்க் கோப்பைகளுடன் நின்றிருந்தார்கள். "யார்கூட மேடம் பேசிட்டிருக்கீங்க?" என்றாள் சுகுணா. "சும்மா இருடி," என்றாள் ஹேமலதா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். மறுநாள் உணவு இடைவேளையில், நான் கையலம்பிக்கொண்டிருக்கும்போது, தடுப்புக்கு அப்பால், "மேடம் ஆவியோட ஒப்புநோக்கறாங்கப்பா, அதுக்குத் தனியா அட்டெண்டன்ஸ் வெக்கணும்," என்று ஒரு குரல். சிரிப்பு நான்கைந்து பேருடையது. அதில் தீமை இல்லை, அலுவலகச் சிரிப்பு, நானும் அவர்கள் வயதில் சிரித்திருப்பேன். ஆனால் அவர் ஆவியல்லர். அந்த எதிர்நாற்காலிக்குரிய மாசிலாமணி சார் ஓய்வு பெற்று, உயிரோடு மயிலாடுதுறையில் மகள் வீட்டில் இருக்கிறார். அதுதான் கடினம்.

இந்தக் காப்பகத்தில் ஒரு விதி உண்டு. நாங்கள் சேர்வதற்கு முன்பே யாரோ வகுத்தது. ஒலிப்பதிவிலிருந்து படியெடுத்த எந்தத் தாளும் ஒருவர் சொல்லால் மட்டும் நிலைபெறாது. ஒருவர் ஹெட்போனில் கேட்டபடி வரியை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் பாடலைக் கேட்காமல், தாளை மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். வேறுபட்டால் பென்சிலால் மேசையைத் தட்ட வேண்டும். பிறகு ஹெட்போன் கைமாறும். இருவரும் ஒத்துக்கொண்ட பின்னரே தாளின் அடியில் 'கேட்டவர்', 'சரிபார்த்தவர்' என்னும் இரு கையொப்பங்கள். பத்தொன்பது ஆண்டுகள் எதிரெதிரே உட்கார்ந்து அதைச் செய்தோம். அவர் தம் வீட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. எங்கள் பேச்சு முழுதும் பிறருடைய வரிகள்தாம். ஆயினும் அவர் பென்சிலைத் தட்டும் விதத்திலிருந்து அன்று மனைவியுடன் மனத்தாங்கலா, சர்க்கரை ஏறியிருக்கிறதா, பதினொரு மணிக் காப்பி வரவில்லையா என்று எனக்குத் தெரியும். நான் வரியைச் சொல்லும் விதத்தில் அவருக்கும் ஏதேனும் தெரிந்திருக்கும். "என்னங்க ரஞ்சிதம், இன்னிக்கு அந்தம்மாவ விட நீங்க நல்லாப் பாடுறீங்க? ஏதும் விசேஷமா?" என்பார். பிறந்தநாளாக இருக்கும். நான் சொல்லியிருக்கமாட்டேன். அவர் ஓய்வு பெற்றபின் விதி மாறவில்லை, ஆள்தான் இல்லை. இரண்டாம் கையொப்பத்துக்குத் தாள்களை ஹேமலதாவிடம் அனுப்பச் சொன்னார்கள். அவள் புரட்டிப் பார்ப்பதும் இல்லை. "நீங்க கேட்டா கரெக்டாத்தான் மேடம் இருக்கும், எங்க போடணும்?" என்பாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள். அந்த மரியாதையில் பென்சில் தட்டும் ஓசை இல்லை.

பதினொன்று ஐந்து. வாளியில் சொட்டு. கோப்பைத் திறந்து நான்காம் காரணத்தை மீண்டும் பார்க்கிறேன், ஏதோ அது இந்நேரத்துக்குள் தானே மாறியிருக்கும் என்பதுபோல. 'மேற்படிப் பணிக்கு மற்றொருவரின் உடனிருப்பு இன்றியமையாததன்று. இதற்குச் சான்றாக, கடந்த எட்டு மாதங்களில் நான் தனியாகவே நிறைவுசெய்த அறுபத்துமூன்று தாள்களைப் பார்வைக்கு இணைத்துள்ளேன்.' நல்ல வாக்கியம். நான்கிலும் வலுவானது இதுதான். வலியும் தொலைவும் சத்தமும் யாருக்கும் உண்டு, ஆனால் சான்றோடு பேசுபவரை மறுப்பது எளிதன்று. இணைப்பதற்காகத்தான் தாள்களை எடுத்தேன். இணைப்பதற்கு முன் ஒருமுறை ஒலிப்பதிவோடு வைத்துக் கேட்டுவிடலாம் என்று, வெறும் ஒழுங்குக்காக, நேற்றுப் பிற்பகல் ஹெட்போனை மாட்டினேன். மாட்டாமலிருந்திருக்கலாம். செல்லாயி கதை. மாலையில் ஏரிக்குத் தண்ணீருக்குப் போன செல்லாயி என்பவள் திரும்பவில்லை, அவ்வளவுதான் கதை, பதினேழு பாடகிகள் அதைப் பாடியிருக்கிறார்கள், பதினேழு வகையாக. ஒருத்தியின் வாயில் மதகு அவளை இழுத்துக்கொள்கிறது, ஒருத்தியின் வாயில் கரையோடு நடந்து தாய்வீட்டுக்குப் போகிறாள். இலுப்பையூர் முத்தம்மாள் பாடுவதில் மட்டும், கரையில் நின்று வீட்டைப் பார்த்து ஒரு வரி சொல்கிறாள்: 'கதவைச் சாத்தாதீங்க, நான் வர்ற நேரந்தான்.' அந்த ஒரு வரி. சென்ற ஆண்டு அதைப் படியெடுத்தபோது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும்போது அந்த வரி வந்தது. பூட்டுக்கு அதைச் சொல்லிப் பயனில்லை என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அதன்பின் பேச்சியம்மாளின் பதிவிலும் அது இருந்தது. பிறகு இன்னும் ஐந்து பேரிடம். பதினேழில் ஏழு. அந்த ஏழையும் வைத்து ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். செல்லாயி கதையின் உயிர் நீரன்று, கதவே என்பது என் முடிபு. முப்பத்தோராண்டுகளில் எனக்கென்று கிடைத்த ஒரே முடிபு. நேற்று மூன்று மணியிலிருந்து ஐந்தேகால்வரை ஏழு பதிவுகளையும் கேட்டேன். முத்தம்மாள் பாடுகிறாள். மற்ற ஆறு பேரும் பாடவில்லை.

பாடவில்லை என்றால், ஐயத்துக்கு இடமின்றிப் பாடவில்லை. ஒருத்தி இருமுகிறாள். ஒருத்தி அடுத்த அடிக்குத் தாவிவிடுகிறாள். பேச்சியம்மாள் அந்த இடத்தில் நிறுத்துகிறாள், நான்கு நொடி, மூச்சு, எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி, நாடா சுழலும் இரைச்சல், பிறகு மதகு. அந்த நான்கு நொடிக்குள் முத்தம்மாளின் வரியைக் கொண்டுபோய் வைத்தது நான். என் கையெழுத்தில், என் நிதானமான கையெழுத்தில், ஐயம் என்று காட்டும் ஒரு கேள்விக்குறிகூட இல்லாமல். வேறு துறையினர் தாம் கேட்டதை மறப்பார்கள். எங்கள் துறையில் நேரும் பிழை வேறு: ஒரு கதையை மிகுதியாகக் கேட்டவர் சொல்லப்படாததையும் கேட்கத் தொடங்கிவிடுவார். அதற்காகத்தான் எதிரில் ஒருவர் உட்கார வேண்டும், அதற்காகத்தான் அவர் பாடலைக் கேட்காமலிருக்க வேண்டும், பிறகு அவர் கேட்க நான் வெறும் தாளோடு இருக்க வேண்டும். மாசிலாமணி சார் சொன்னார். பிப்ரவரி, அவருடைய கடைசி வாரம், பேச்சியம்மாள் தாள். ஹெட்போன் அவரிடம் போனபோது பென்சில் தட்டியது. "இங்க ஒண்ணுமில்லீங்க ரஞ்சிதம்." இருக்கிறது, நன்றாகக் கேளுங்கள் என்றேன். மீண்டும் கேட்டார். மூன்று முறை. "அந்தம்மா மூச்சு வாங்குது. அவ்ளோதான். அந்த வரி உங்க காதுல இருக்கு, டேப்புல இல்ல." அப்போது நான் சொன்னதை எந்தப் பாடத்திலும் யாரிடமும் சொன்னதில்லை. "அறுபது ஆயிடுச்சே சார், காது மந்தமாத்தானே இருக்கும், இன்னும் அஞ்சு நாள்தானே, விட்டுடுங்க." அவர் ஹெட்போனைக் கழற்றி, அதன் கம்பியை எப்போதும்போல எட்டு வடிவில் சுற்றி வைத்தார். பென்சிலை மேசையின் நடுவில் வைத்தார். கையொப்பமிடவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கையொப்பமில்லாத ஒரே தாள் அது. வழியனுப்பு விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். மார்ச் முதல்வாரத்தில் அந்தத் தாளில் ஹேமலதா கையொப்பமிட்டாள். அவர் இரண்டு முறை அழைத்தார். சித்திரை முதல் நாள் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை. இரண்டு முறையும் கைப்பேசி அடுப்படி மேடையில் அதிர்ந்து அதிர்ந்து உப்பு ஜாடிவரை நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே இப்போது மடியில் இருக்கும் சான்று எனக்கு எதிரான சான்று. மற்றொருவரின் உடனிருப்பு இன்றியமையாததன்று என்பதற்கு நான் இணைத்திருக்கும் தாள்கள், இன்றியமையாதது என்பதை ஆறு இடங்களில் நிறுவுகின்றன. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகில் இரண்டு பேர், ஒருவர் மயிலாடுதுறையில். இயக்குநர் கண்டுபிடிக்க மாட்டார். எல்லாத் தாளிலும் இரண்டு கையொப்பங்கள் இருக்கின்றன. அனுமதி கிடைத்தால் வீட்டுக்குப் போய்விடலாம், கதவிடுக்கு இருக்காது, சிரிப்பு இருக்காது, கட்டுரையை முடிக்கலாம், அல்லது முடிக்காமல் விடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அப்படியே இருக்கட்டும் என்று ஒரு கணம் தோன்றுகிறது. அடுத்த கணம் அந்த வீட்டில் என் மேசையைப் பார்க்கிறேன், சுவரை நோக்கிப் போட்டிருக்கும் மேசை, பதினேழு பெண்களும் வரிசையாக என் காதுக்குள் வந்து பாட, நான் விரும்பியதெல்லாம் ஒருவர்பின் ஒருவராக அவர்கள் வாயில் போய் உட்கார, இரண்டு ஆண்டுகளில் பதினேழு பேரும் அந்தக் கதவு வரியைப் பாடிவிடுவார்கள். எல்லோரும் என் குரலில். கோப்பின் நீலம் விரலில் ஒட்டியிருக்கிறது. ஒப்புநோக்கு அறையிலிருந்து ஒருவர் வெளியே வருகிறார். கையில் அளவு நாடா, காதில் பென்சில். "ஆறடிக்கு நாலடி மேடம், அந்த டேபிள் கதவு வழியா வராது, கால கழட்டணும்," என்கிறார் சுகுணாவிடம். சுகுணா என்னை ஒரு கண் பார்த்துவிட்டு அவரிடம் மெதுவாக, "அப்புறம் சொல்றேண்ணே," என்கிறாள். காதில் பென்சில். அதைப் பார்க்காமலிருக்க முயல்கிறேன். "மேடம், போகலாம், கூப்பிடுறாரு."

எழும்போது மூட்டு இற்றுவிட்டது போல் ஒரு கணம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இயக்குநர் நிரஞ்சன் எழுந்து நின்று வணங்கினார். நாற்பது வயது, எல்லோரிடமும் நல்லபடியாக நடப்பவர். "உக்காருங்க மேடம், சாரி, ரொம்ப நேரம் வெயிட் பண்ண வச்சுட்டேன்." கோப்பை மேசைமீது வைத்தேன். முதற்காரணத்தின் முதற்சொல்லை நாவில் எடுத்தேன். "சுகுணா சொன்னாங்க," என்றார். "ஒர்க் ஃப்ரம் ஹோம்தானே? தாராளமா மேடம். நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்." விண்ணப்பத்தை மட்டும் உருவி எடுத்து, மேலே மூன்று வரியும் கீழே ஒரு வரியும் பார்த்து, ஓரத்தில் ஒப்புதல் எழுதிக் கையொப்பமிட்டார். பத்து நொடி ஆகியிருக்காது. பதினோரு நாள், ஏழு படிகள், நான்கு காரணங்கள், ஒன்றும் தேவைப்படவில்லை. "அந்த ரூமையும் ஸ்டூடியோவா மாத்தறோம். நீங்க என்ன நினைப்பீங்களோன்னு எனக்குத் தயக்கமா இருந்துச்சு. நல்லவேளை நீங்களே கேட்டீங்க." தாளை என் பக்கம் தள்ளினார். நான் அதை எடுக்கவில்லை. மறுப்பார் என்று அஞ்சிக்கொண்டிருந்தேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவர் மறுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது என்பதை இப்போதுதான், அந்தத் தாளின் ஈரமான மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அறிந்தேன். நீங்கள் இல்லாமல் எப்படி மேடம் என்று ஒரு வாய்ச்சொல்லுக்காவது. அதை அவர் சொல்லவில்லை. சொன்னதாக நான் கேட்டுக்கொள்ளவும் கூடாது. "வேற ஏதாச்சும் மேடம்?" "இரண்டாவது கையெழுத்து," என்றேன். "அது இனிமே வேணாம். ஃபாரத்தையே மாத்தியாச்சு, ஒரே கையெழுத்துதான். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

இந்த இடத்தில் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வந்த ஒரு பாடம் எங்கோ இருக்கிறது; அதில் நான் இப்போது பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். "ஆறு தாள் தப்பு சார்," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அவர் புரியாமல் பார்த்தார். கோப்பைத் திறந்து ஆறையும் எடுத்து அவர்முன் பரப்பினேன். "இந்த வரியை இவங்க யாரும் பாடலை. நான் எழுதினேன். தெரிஞ்சு செய்யலை. ஆனா நான்தான் எழுதினேன்." அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அதனால என்ன மேடம், திருத்திடுங்க. சின்ன விஷயம்." "நான் திருத்தலாம் சார். அடுத்ததுல நான் என்ன எழுதுவேன்னு எனக்கே தெரியாது. எதிர்ல ஒருத்தர் வேணும்." "அப்ப வீட்ல இருந்து வேணாமா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே குழம்பியிருந்தார். வேண்டும் என்றேன். மூட்டும் பொய்யில்லை என்றேன். மாசிலாமணி சாரும் அவர் வீட்டில் இருக்கட்டும், பதிவுகளை அவருக்கும் அனுப்புங்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் தொலைபேசியில் ஒப்புநோக்குகிறோம், பழைய படிவத்தையே கொடுங்கள், இரண்டு கையொப்பமும் இருக்கட்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். எந்தப் படியிலும் எழுதிப் பார்க்காதது. "ரிட்டயர் ஆனவருக்கு ரெக்கார்டிங் அனுப்ப நம்மகிட்ட ரூல் கிடையாதே மேடம்." "இப்ப எனக்குக் கையெழுத்துப் போட்டீங்களே, அதுக்கும் ரூல் கிடையாது சார்." அவர் நிமிர்ந்தார். பிறகு சிரித்துவிட்டார், வெட்கப்பட்டதுபோல. ஆறு தாள்களில் ஒன்றை எடுத்து அந்த வரியை உதட்டசைவோடு படித்தார். முதன்முறையாக இந்த நிறுவனத்தின் பாடலொன்றை அவர் படிப்பதை நான் பார்த்தேன். "மூணு மாசம் பாக்கலாம்," என்று என் விண்ணப்பத்தின் ஓரத்தில் இன்னொரு வரி சேர்த்தார். பேனாவை மூடப் போனவர் நிறுத்தி, "அவர் ஒத்துக்குவாரா?" என்றார். தெரியாது என்றேன். நான்கு காரணங்களோடு போன என்னிடம் அவர் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.

ஒப்புநோக்கு அறையில் மேசையின் நான்கு மூலைகளிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டிருந்தார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர்நாற்காலியில் தச்சர் மறந்துவிட்டுப்போன உப்புத்தாள் சுருள் ஒன்று கிடந்தது. கதவைச் சாத்த எழுந்தேன், பிறகு சாத்தவில்லை, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கைப்பேசியில் அவர் பெயரை எடுத்தபோது, சித்திரையும் ஆடியும் சிவப்பு அம்புக்குறிகளாக அங்கேயே இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஆவணியில் இல்லை, புரட்டாசியில் இல்லை. மனிதர் இருமுறைக்குமேல் தட்டுவதில்லை, பென்சிலையும் அப்படித்தான். அழைத்தேன். மணி அடித்தது. அவர் உறங்கலாம், கோயிலுக்குப் போயிருக்கலாம், என் பெயரைத் திரையில் பார்த்தபடி அது நகர்ந்துபோவதைக் கவனித்துக்கொண்டிருக்கலாம். நான் செய்ததை அவரும் செய்ய உரிமை உண்டு. ஏழாவது மணியில் ஓசை நின்றது. எடுத்திருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று பதினோரு நாள் எழுதிப் பார்க்காததால் எனக்கு இருந்தது ஒரே வாக்கியம். "சார், பேச்சியம்மாள் அந்த வரியப் பாடலை," என்றேன். மறுமுனையில் ஒரு மூச்சு. எங்கோ ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்படும் ஓசை, காகம், அவர்கள் தெருவில் ஒரு மணிச்சத்தம், பிறகு மீண்டும் மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த இடத்தில் வைப்பதற்கு என்னிடம் எத்தனையோ சொற்கள் இருந்தன. அவருடைய குரலிலேயே இருந்தன, 'என்னங்க ரஞ்சிதம்' என்று தொடங்கும் எல்லாமும் இருந்தன. எதையும் அங்கே வைக்கவில்லை. கையில் பிடித்திருந்த பென்சிலை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவர் சொல்லப்போவதைக் கேட்பதற்காகக் காத்திருந்தேன்.